தூம்பு

உள்ளே துளையோடிய நீண்ட பொருள் எதுவும் தூம்புதான். மூங்கில் குழாய்க்கு அந்தப் பெயர். நெடுவங்கியம் என்ற பழைய ஊதுகருவிக்கும் அதே பெயர். ஏரிக்கரையின் அடியில் நீர் வெளியேறும் வழியைக் கல்வெட்டுகள் தூம்பு, குமிழித்தூம்பு என்கின்றன. தெலுங்கில் இது தூமு, கன்னடத்தில் தூபு. மதகு என்றால் இன்று திறந்து மூடும் கதவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. தூம்புக்கு அந்தக் கட்டாயமில்லை.

அதனால், வண்டி ஏற வாசலில் போடும் சாய்தளத்துக்கு அடியில், தெருக் கால்வாய் நீர் போகப் புதைக்கும் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பேன். கொத்தனாரிடம் கேட்டால் ‘யூம் பைப்பு’ என்பார். 1910இல் கான்கிரீட் குழாயைச் சுழற்றி வார்க்கும் முறையைக் கண்ட ஆஸ்திரேலியர் வால்டர் ஹியூமின் பெயர்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது.

பெயர் எதுவானாலும், குழாயின் அடி கால்வாய்த் தரையோடு ஒட்டி, நீர் போகும் திசையில் சற்றே சரிந்திருக்க வேண்டும். உயர்த்திப் பதித்தால் அடுத்த வீட்டு வாசலில் நீர் தேங்கும், சண்டையும் வரும். சாய்தளம் ஓரிடத்தில் உள்வாங்கினால், பெரும்பாலும் குழாய் இணைப்பு விலகி மண் உள்ளே இறங்குகிறது என்று பொருள். மேலே சிமென்ட் பூசிப் பயனில்லை. தோண்டி இணைப்பை அடைத்து, மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும்.