ஆட்சியை நகைத்த சித்திரங்கள்

கொடுங்கோலனை முகத்துக்கு நேரே கடிந்துரைக்க இயலாதபோது, அறிஞர்கள் கதையைத் துணைக்கழைத்தனர். சிங்கத்தையும் நரியையும் பேச வைத்து அரசநீதி புகட்டும் ‘கலீலா வ திம்னா’வை அறபுக் கல்வி பெற்றோர் அறிவர். நம் நாட்டுப் பஞ்சதந்திரமே பஹ்லவி மொழி வழியாக எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அவர்களின் கையால் அறபு உடை பூண்டது. அச்சு இயந்திரம் வந்த பின்னர் அந்தக் கதை உத்தியே கோடுகளாக மாறிற்று. ஐரோப்பியர் ஆண்ட நாடுகளில் அவர்தம் ஆட்சியை எதிர்த்துப் பேசிய குரல்களுள் கேலிச்சித்திரமும் ஒன்று.

இக்கலையை ஏந்தி வந்தது ஆங்கிலேயரின் சொந்த ஏடேயாகும். 1841-இல் இலண்டனில் தோன்றிய ‘பஞ்ச்’ இதழைக் கண்டு, 1877-இல் லக்னோவில் முன்ஷி சஜ்ஜாத் ஹுசைன் ‘அவத் பஞ்ச்’ என்னும் உருது ஏட்டைத் தொடங்கினார். அதே காலத்தில் கெய்ரோவில் யஃகூப் ஸனூஃ என்ற எகிப்திய யூதர், ‘அபூ நள்ளாரா’, அதாவது ‘மூக்குக்கண்ணாடிக்காரர்’ என்னும் ஏட்டைப் பேச்சு வழக்கு அறபியில் நடத்தினார். ஜமாலுத்தீன் அஃப்கானியோடு பழகியவர் அவர். நாட்டைக் கடனில் ஆழ்த்திய கதீவ் இஸ்மாயீலை ‘ஷைகுல் ஹாரா’, அதாவது தெருத்தலைவர் என்று எள்ளினார். 1878-இல் நாடு கடத்தப்பட்டபோது பாரிசில் அமர்ந்து பணியைத் தொடர்ந்தார். 1882-இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றிய பின்னர், சித்திரங்கள் நிறைந்த அவருடைய ஏடுகள் மறைவாக அந்நாட்டினுள் புகுந்தன.

தமிழில் இப்பணியைத் தொடங்கி வைத்த பெருமை ‘இந்தியா’ வார ஏட்டுக்குரியது. மண்டயம் திருமலாச்சாரியார் உரிமையாளராக இருக்க, 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய அவ்வேட்டை எழுத்தால் நடத்தியவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார். 1905-ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையால் நாடு கொந்தளித்திருந்த வேளை அது. பஞ்சம், நாட்டின் செல்வம் கடல் கடந்து போதல், அடக்குமுறை ஆகியவை ‘இந்தியா’வில் சித்திரங்களாயின. ஆட்சியாளரிடம் மனுக் கொடுத்தே காலம் கழித்த காங்கிரஸ் மிதவாதிகளும் அக்கேலிக்குத் தப்பவில்லை. மக்கள் கேட்டுப் பழகிய கதைகளும் காட்சிகளும் புதுப்பொருள் பெற்றன. படத்தோடு விளக்கமும் தரப்பட்டது.

இதன் ஆற்றலை உணர ஓர் எண்ணிக்கை போதும். 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரே. தலையங்கம் அந்த ஐவருக்குரியது; படமோ எஞ்சிய தொண்ணூற்றைவருக்கும் உரியது. ஒருவர் படித்து விளக்க, சூழ்ந்து நின்றோர் கண்டு நகைக்கலாம். அதுவரை துரையைக் கண்டு ஒதுங்கி நின்றவன் துரையின் உருவத்தைக் கண்டு சிரித்துவிட்டால், அவன் உள்ளத்திலிருந்த அச்சத்தில் ஒரு பங்கு அன்றே அகன்றுவிடுகிறது. படைபலத்தோடு மக்களின் அச்சத்தையும் தூணாகக் கொண்ட ஆட்சிக்கு இது பெரும் அபாயமன்றோ?

அரசு வாளாவிருக்கவில்லை. 1908-இல் ‘இந்தியா’வின் மீது இராஜநிந்தனை வழக்குப் பாய்ந்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் ஏடு அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. நம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியே நூறு கிலோமீட்டர் அளவில் சென்றால் புதுச்சேரி. அவ்வளவு அருகில் அச்சான ஏடு, இடையிலிருந்த ஓர் எல்லைக்கோட்டினால் அயல்நாட்டு ஏடாகிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவது தடுக்கப்பட்டது. வாசகரை இழந்த ‘இந்தியா’ 1910 மார்ச்சில் நின்றது. ஓர் ஐரோப்பிய வல்லரசின் சிறையிலிருந்து தப்ப மற்றோர் ஐரோப்பிய வல்லரசின் நிழலில் ஒதுங்க வேண்டியிருந்தது. ஸனூஃ அவர்களுக்குப் பாரிஸ் எதுவோ, பாரதியாருக்குப் புதுச்சேரி அதுவே.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பெயர் ஒன்றுண்டு. 1908-இல் ‘இந்தியா’வின் ஆசிரியர் என அரசாங்கப் பதிவேட்டில் இருந்தவர் பாரதியார் அல்லர், சீனிவாசன் என்பவர். சட்டம் பதிவான பெயரையே பற்றியது. சிறை சென்றவர் அவரே. எழுதியவரைத் தமிழகம் மகாகவியெனப் போற்றுகிறது. அவ்வெழுத்துக்காகச் சிறையில் வாடியவரையோ அறிந்தோர் சிலரே. மக்கள் சிரித்த சிரிப்புக்கு யாரோ ஒருவர் தம் வாழ்நாளை விலையாகக் கொடுத்திருக்கிறார் என்பதை நன்றியுள்ள சமுதாயம் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறரை ஏளனம் செய்வது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டதாயிற்றே, கேலிச்சித்திரத்தை எவ்வாறு போற்றலாம் என்று சிலர் வினவக்கூடும். தகுந்த வினாவே. எளியவனின் தோற்றத்தையும் குலத்தையும் நம்பிக்கையையும் இழிப்பது ஏளனம். வலியவனின் அநீதியை அவனுக்கே காட்டுவது கண்டனம். ‘இந்தியா’வின் சித்திரங்கள் நாட்டை ஆண்ட வல்லரசை நோக்கின, அதற்குரிய தண்டனையையும் அவ்வேட்டார் ஏற்றனர். இன்று கேலிப்படம் ஒன்றைக் காணும் நம் இளைஞர்கள், இது யாரை நோக்கி வரையப்பட்டது, வலியவனையா, எளியவனையா என்று முதலில் வினவிப் பழகட்டும். அதன் பிறகு சிரிக்கட்டும்.