பஞ்சமி நிலம்: பழைய 'அ' பதிவேட்டைக் கேளுங்கள்

ஆனைக்குட்டம் பக்கம் காலையில் பட்டாசு ஆலை வேனுக்கு நிற்கும் நம் சனங்களிடம் கேட்டுப் பாருங்கள் தோழர்களே: "உங்க தாத்தா பேர்ல நிலம் இருந்துச்சா?"

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற அடிமை வாழ்வை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. நிபந்தனை கறாரானது: முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கே விற்கலாம். மீறிய கிரயம் செல்லாது. ஆனாலும் கடன், மிரட்டல், கைநாட்டு என்று நிலம் கைமாறியது. 1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அக்கேடியர் என்ற பிரெஞ்சு உழவர்களை 1755 முதல் பிரிட்டிஷார் துரத்தினார்கள். அவர்கள் கடல்நீரைக் கரைகட்டி மறித்து உழுத கிராண்ட் பிரே வயல்கள் 2012 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம். (அதற்கும் முன்னால் அது மிக்மாக் பழங்குடிகளின் மண்.) நம் பாட்டன் உழுத பஞ்சமி நிலத்தை யாரும் பாரம்பரியம் என்பதில்லை.

அதைக் காப்பதற்கு முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைய சிட்டாவோடு நிற்காதீர்கள். யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் 'டி.சி.', 'கண்டிஷன்' என்று இருக்கிறதா பாருங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள், பெரியவர்களோடு வரப்பில் நடப்போம்.