தூபக்கலசம் ஏந்திய குரு

நமது புதுப்பட்டினத்திற்குச் சற்றே தெற்கில், பாலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, வசவசமுத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1970-இல் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, மேலைக் கடல் கடந்து வந்த சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. ஏடுகள் விட்டுவைத்ததை ஓடுகள் சொல்வதுண்டு. அத்தகைய மட்கலம் ஒன்றைக் காண, நாமும் அம்மேலைக் கடலைக் கடந்து எகிப்து வரை செல்வோம்.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கிண்ணம் லக்சர் நகரருகே கிடைத்ததாகக் கூறுவர். காலம் ஏறத்தாழ 1050-க்கும் 1100-க்கும் இடைப்பட்டது. நாட்டை ஆண்டோர் பாத்திமியர் என்னும் இஸ்லாமிய மரபினர். ஆயினும் கிண்ணத்தின் உட்புறத்தில் நிற்பவர், நீண்ட அங்கி அணிந்து சங்கிலித் தூபக்கலசம் ஏந்திய கோப்தியக் குரு. அவரருகே வளையத் தலையுடைய சிலுவை. பண்டை எகிப்தியர் உயிரின் குறியாக எழுதிய வடிவையே அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சிலுவையாக ஏற்றிருந்தனர். கையில் இருப்பது விளக்கு என்பாரும் உளர். பூசையில் தூபம் எழக் கண்டு வளர்ந்த நம் கண்களுக்கு அது தூபக்கலசமாகவே படுகிறது. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் 'சஅத்' என்னும் பெயர் அரபு எழுத்தில் உள்ளது.

அதன் பொன்னொளியில் பொன் இல்லை. வெண்பூச்சிட்டுச் சுட்ட கலத்தின் மேல் வெள்ளி, செம்பு உப்புகளைக் காவிமண்ணோடு குழைத்துத் தீட்டி, புகை மண்டிய சூளையில் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். ஆறியபின் மண்ணைத் துடைத்தால், மெல்லிய உலோகப் படலம் மின்னும். சூளையின் புகை சிறிது பிசகினாலும் உழைப்பு முழுதும் வீண். 1047-இல் கெய்ரோ சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, அந்நகரின் மட்கலங்களை வியந்து எழுதியிருக்கிறார்.

இத்துணை அருமையான கலத்தில் குருவின் உருவம் ஏன் இடம்பெற்றது? 1009-இல் இதே மரபின் அல்ஹாக்கிம், எருசலேமின் திருக்கல்லறைப் பேராலயத்தை இடிக்கச் செய்தவர். கோப்தியரும் அவர் காலத்தில் மிகவும் துன்புற்றனர். அவருக்குப் பின்வந்தோர் இணங்கியதால், 1048 அளவில் பேராலயம் மீண்டும் எழுந்தது. அடுத்த தலைமுறைக்குள் கிறிஸ்தவக் குரு ஒருவர் கேலிச் சித்திரமாக அன்றி, உரிய மாண்போடு அங்காடிக் கலத்தில் தோன்றுகிறார். வாங்குவோர் இருந்ததால்தானே கைவினைஞர் தீட்டினார்? அதை வைத்து அக்காலம் முழுவதையும் பொற்காலம் எனல் மிகையே.

கிறிஸ்துவின் திருமுகம் தீட்டிய மற்றொரு கலத்தின் துண்டு, கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1168-இல் எருசலேமின் கிறிஸ்தவ அரசர் அமால்ரிக் படையோடு நெருங்கியபோது, குயவர் வாழ்ந்த புஸ்தாத் நகருக்கு அமைச்சர் ஷாவர் தீயிடச் செய்தார். மூன்றே ஆண்டுகளில் பாத்திமியர் ஆட்சியும் முடிந்தது. பொன்னொளிக் கலைஞர் பலர் சிரியாவுக்குச் சென்றனர் என்பது அறிஞர் சிலரின் கருத்து.