வீட்டுக் கள்ளும் சர்க்கார் புட்டியும்

பெங்களூர் இந்திராநகரில் 2010இல் 'டாய்ட்' திறந்தார்கள். கடைக்குள்ளேயே வடித்து அங்கேயே ஊற்றித் தரும் பீர் அந்த வருஷங்களில்தான் தென்னகத்து மத்தியதர வர்க்கத்துக்கு ஒரு புது நாகரிகமாக வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களின் மெனு அட்டையில் 'தாபாஸ்' என்று ஸ்பானியச் சிறுதட்டுகளும் சகஜமாகிவிட்டன. அங்கே விலைபோவது பீர் மட்டுமல்ல, 'இது இங்கேயே செஞ்சது' என்கிற சொல்லும்தான். மணலி புதுநகரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். அந்தச் சொல் ஓரிடத்தில் ரசனையாகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் பிரிந்துபோன கதை தொண்டை மண்டலத்தின் கதையும்கூட.

பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். பாட்டுடைத் தலைவன் காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையன். பாணன் நடந்துபோகும் நிலம் நம்முடையது. வலைஞர் குடியிருப்புக்கு வந்ததும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவசரமில்லாமல் ஒரு செய்முறையைச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். புற்றாஞ்சோறு மாதிரி இருக்கும் முளைநெல் அடையை இடித்து அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் கிடக்கிறது. விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள்.

பீர் வடிக்கிறவர்கள் வாற்கோதுமையை முளைகட்டுவது எதற்கு? முளைவிடும் தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சர்க்கரையை ஈஸ்ட் போதையாக்கும். கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் நொதி செத்துப்போகும். அதனால்தான் பாட்டில் ஆறவைப்பது முன்னால் வருகிறது, கலப்பது பின்னால் வருகிறது. வேதியியல் தெரியாத கைகளுக்கு வரிசை தெரிந்திருக்கிறது. இதை அரிசி பீர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதே பாட்டில் ஆநிரை கவர்ந்து வருகிறவர்கள் பசுக்களை விலையாகக் கொடுத்து நறவு வாங்குகிறார்கள். அதற்கப்புறம் வீட்டில் சமைத்த 'தோப்பி'யைக் குடிக்கிறார்கள். ஆக, விலைக்கு வாங்கும் மது, வீட்டில் ஆக்கும் மது என்கிற பிரிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. தோப்பியை நெற்கள் என்கிறது உரை. எம்.ஏ. வகுப்பில் இந்த இடங்களை 'விருந்தோம்பல்' என்ற தலைப்புக்குள் அடைத்துவிட்டுத் தாண்டிப்போனோம். கைலாசபதி வழிவந்த வீரயுக வாசிப்பிலோ கள் என்றால் மன்னன் வார்த்துக் கொடுப்பது, கொடையின் அடையாளம். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கும் குறளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரண்மனைக்கும் அறநூலுக்கும் நடுவில் வலைஞர் வீட்டுச் சாடி காணாமல் போய்விட்டது.

அந்தச் சாடிக் கள்ளுக்கு ஒரு குணம் உண்டு. அது தங்காது; விளைந்த கையோடு குடித்துவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் லண்டன் ஹாட்ஜ்சன் வடிப்பாலையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய வெளிர் பீர் இதற்கு நேர் எதிர். மாதக்கணக்கான பயணத்தைத் தாங்கவென்று ஹாப்ஸ் பூ தூக்கலாகப் போட்டது. துறைமுகம் இல்லாத மதராஸில் இறங்கிய சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கரை சேர்ந்தது. தங்குகிற மதுவைக் கணக்கெடுக்கலாம், கிடங்கில் பூட்டலாம், சீல் வைக்கலாம், தீர்வை போடலாம். மறுநாளே புளித்துப் போவதை என்ன செய்ய? 1886ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டத்தை இந்தக் கேள்விக்கான பதிலாகவே நான் வாசிக்கிறேன். கள்ளைக் கணக்கில் பிடிக்க முடியாமல் மரத்துக்கே வரி போட்டார்கள். ஒழுக்கம் பற்றிய சொல்லாடல் எல்லாம் பிறகு வந்ததுதான்.

மிச்சக் கதை தெரிந்ததே. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு. 1971இல் கருணாநிதி தளர்த்தினார், 1974க்குள் திரும்ப மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக், 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். கள் போனது, புட்டி தங்கியது. 'மதுவிலக்கு' என்கிற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வரிசையை வாசித்தால் ஒன்றும் புரியாது.

வீட்டு மதுவைக் கொண்டாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடிகாரன் வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு அது சாடியா புட்டியா என்பது ஒரு பொருட்டல்ல. பனையேறும் தொழிலோடு ஒட்டவைக்கப்பட்ட இழிவை உதறுவதற்காகக் கள்ளையே உதறிய வரலாறும் உண்டு. 1910இல் அமைந்த நாடார் மகாஜன சங்கத்தின் கதையில் அது ஓர் இழை. அய்யா வைகுண்ட தர்மபதி இருக்கிற ஊரில் வாழ்ந்துகொண்டு இதை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆனால் 'வீட்ல காய்ச்சுனதா, ஐயோ, செத்துருவே' என்கிற பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலைக்கான ரசாயனம். நொதித்த சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். தாபா என்றால் ஸ்பானிய மொழியில் மூடி என்று பொருள். கோப்பைமேல் மூடியாக வைத்த துண்டுதான் தின்பண்டமானது என்று ஒரு கதை சொல்வார்கள். குடியும் கடியும் பிரியாது என்பதுதான் சங்கதி. வலைஞரின் சுட்ட மீனும் அதுவே. டாஸ்மாக் ஏற்பாட்டில் இரண்டையும் சட்டமே பிரித்தது. புட்டி விற்றது அரசு. ஒட்டியிருந்த பாரைத் தனியாருக்கு டெண்டர் விட்டார்கள், எதற்கு? தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டி பொறுக்கவும். தொட்டுக்கொள்கிற சுண்டல் ஒரு தனிக் குத்தகை! அதன்மேல் தூவுகிற மிளகாய்த்தூளும் ஒருவகையில் தாபாஸுக்குப் பங்காளிதான். அமெரிக்காவிலிருந்து மிளகாயை 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவை ஐபீரியக் கப்பல்கள். போர்த்துகீசியர் மயிலாப்பூரில் சாந்தோமைக் கட்டிக்கொண்டதும் அந்த நூற்றாண்டில்தான்.

நாளைக்கே சட்டம் மாறி, எங்கள் பக்கத்து வலைஞர் வீட்டில் யாராவது அந்தப் பழைய சாடியை இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரிசி கடையில் கிடைக்கும். தண்ணீர்? நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது 1969 வாக்கிலேயே தெரியவந்தது. மீன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. எண்ணெயை மீனவர்கள்தான் பக்கெட்டிலும் மக்கிலும் மொண்டு மொண்டு அள்ளினார்கள்.