குடிமீட்பும் கிறிஸ்தவ இறையியலும்: யாழ்ப்பாணக் குடாநாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிக்கும் பிற போதைகளுக்கும் அடிமையானவர்களை மீட்பதில் கிறிஸ்தவம் இரண்டு வழிகளில் ஈடுபட்டு வந்திருக்கிறது. பழையது மதுவிலக்கு, அது குடிப்பவரின் மனஉறுதியை நம்பியது. பிந்தியது மீட்புப் பணி. அது மனஉறுதி தோற்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இறையருளைப் பற்றிய வேறுபாடு என்பதால் இறையியல் கல்விக்கு இதில் நேரடியான வேலை உண்டு.

வெஸ்லியன் மிஷனரிமார் 1814இலும் அமெரிக்க மிஷனரிமார் 1816இலும் குடாநாட்டுக்கு வந்தனர். அமெரிக்கர் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலக் கல்வியோடு கிறிஸ்தவ இறையியலும் கற்பிக்கப்பட்டது. 1826இல் பொஸ்டனில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் உருவான காலம் அது. அந்த இயக்கத்தின் மனப்பாங்கு மிஷன் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. மதுவைத் தொடுவதில்லை என்று உறுதிமொழி எடுப்பது நல்ல கிறிஸ்தவனின் அடையாளமாகக் கருதப்பட்டது. சைவரும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். ஆறுமுக நாவலர் மதுவையும் புலாலையும் ஒருசேரக் கண்டித்தார். மிஷனோடு கடுமையாக மோதிய அவர் கள்ளின் விடயத்தில் மட்டும் அதன் பக்கத்தில் நின்றார். 1920களிலும் 1930களிலும் உள்ளூர் வாக்கெடுப்பு மூலம் குடாநாட்டின் பல இடங்களில் தவறணைகள் மூடப்பட்டன.

இந்த இயக்கத்துக்கு ஒரு கறையும் உண்டு. கள்ளைக் கண்டித்த பேச்சு, பனையேறிப் பிழைத்த சீவல் தொழிலாளரை இழிவாகப் பார்த்த சாதி மனப்பான்மையோடு எளிதில் கலந்தது. தவறணை மூடப்பட்டபோது குடிப்பவர் கசிப்பைத் தேடிப் போனார். சீவுபவர் வருமானத்தை இழந்தார். ஏற்கெனவே குடியில் சிக்கியவருக்கு மதுவிலக்கு தந்தது கண்டிப்பு மட்டுமே. சத்தியம் செய்து முறித்தவர் கோயிலுக்கு வரவே கூசினார். தவக்காலம் முழுவதும் குடியை நிறுத்திவிட்டு உயிர்த்த ஞாயிறன்று மீண்டும் தொடங்குபவரை அறியாத கத்தோலிக்கக் கரையோரக் கிராமம் இல்லை எனலாம்.

தீமை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏன் விட முடியவில்லை என்ற கேள்வி இறையியலில் மிகப் பழையது. தான் விரும்பாததையே தான் செய்வதாகப் பவுல் உரோமையர் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் முறையிடுகிறார். மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுசின் கொள்கையை மறுத்த அகுஸ்தீன், பழக்கம் விருப்பத்தையே கட்டிவிடுகிறது என்றார். அவருடைய தாய் மோனிக்காவுக்குச் சிறுவயதில் திராட்சை இரசத்தைத் திருட்டுத்தனமாகக் குடிக்கும் பழக்கம் இருந்ததையும் அவர் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் மறைக்கவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், போதைப்பொருள் பயன்பாட்டைப் பெருங்குற்றம் என்கிறது. அதே நூல், ஊறிப்போன பழக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் ஏற்கிறது. குடியைப் பாவம் என்பதா, நோய் என்பதா என்ற சண்டையில் பலர் தவறவிடும் நுட்பம் இது.

இந்த வாதத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இருவரின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கோட்பாட்டை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த மெதடிஸ்த இறையியலாளர் டி. தி. நைல்ஸ், 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்கப் பேரவையில் உரையாற்றியவர். பசித்த ஒருவன் உணவு கிடைத்த இடத்தைப் பசித்த இன்னொருவனுக்குக் காட்டுவதே நற்செய்திப் பணி என்பது அவருடைய பார்வை. இவை குடிமீட்பை எண்ணி எழுந்த சிந்தனைகள் அல்ல. ஆயினும் மேட்டில் நிற்பவர் பள்ளத்தில் கிடப்பவருக்கு உபதேசிக்கும் மதுவிலக்கு மேடையை நைல்சின் பார்வை அடியோடு மாற்றிவிடுகிறது.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பொப் ஸ்மித்தும் தொடங்கிய அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயங்குவதும் இப்படித்தான். குடியிலிருந்து மீண்டவர் குடியில் இருப்பவருக்குத் துணைநிற்கிறார். ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து பிறந்த இதன் பன்னிரண்டு படிகள் 1939இல் நூலாயின. குடியின் முன் தன் இயலாமையை ஒப்புக்கொள்வது முதற்படி. தன்னையே ஆராய்வது, தவறுகளை இன்னொருவரிடம் சொல்வது, தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்வது ஆகியவை பின்னே வருகின்றன. ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த கத்தோலிக்கருக்கு இவை புதியவை அல்ல. இறைவனை அவரவர் புரிந்துகொண்டவாறு ஏற்கலாம் என்பதால், ஆணவ மலத்தையும் திருவருளையும் பற்றிக் கேட்டு வளர்ந்த சைவரும் மதம் மாறாமலே இப்படிகளில் ஏறலாம். சைவர் பெரும்பான்மையாக வாழும் குடாநாட்டில் இது சிறிய விடயம் அல்ல. மீட்பு இல்லத்தை மதமாற்றத்தின் வாசலாக்குவது நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்துவதாகும்.

வழிபாட்டிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. நற்கருணைத் திராட்சை இரசத்தின் ஒரு மிடறுகூட மீண்டவரை மறுபடி குடிக்குள் தள்ளலாம். கத்தோலிக்கப் பொதுநிலையினர் அப்ப வடிவில் மட்டும் உட்கொண்டாலே நற்கருணை முழுமையானது. குடிநோயுள்ள குரு, ஆயரின் அனுமதியுடன், புளிப்பேறாத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம். மெதடிஸ்த மரபில் புளிக்காத சாறே பரவலான வழக்கம்.

1983 முதல் 2009 வரையிலான போரும் இடப்பெயர்வும் குடியின் முகத்தை மாற்றின. இழப்பை மறக்கக் குடித்தவர்கள் ஒருபுறம். போருக்குப் பின் கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்று தொடங்கிய இளையோர் மறுபுறம். போரின் உளத்தாக்கத்தை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். இத்தகையவரிடம் மனந்திரும்பு என்று மட்டும் சொல்வது பயனற்றது. அது ஆபத்தாகவும் முடியலாம். நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். அந்த நடுக்கத்தைப் பேயின் வேலையென்று கருதி ஜெபவீட்டில் அடைத்துவைப்பது இறையியலாலும் மருத்துவத்தாலும் ஏற்கத் தகாதது. அந்த நாட்களுக்கு உரிய இடம் வைத்தியசாலை. குருவானவரின் வேலை வீடு திரும்பிய பின்னரே பெரிதாகிறது: குடும்பத்தோடு ஒப்புரவு, வெட்கத்தைத் தாங்கும் துணை, மீண்டும் சறுக்கினாலும் மூடாத கதவு.

இதற்கான பயிற்சி பாடப்புத்தகத்தில் மட்டும் கிடைப்பதில்லை. 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநோய் வைத்தியசாலையில் அன்ரன் பொய்சன், இறையியல் மாணவரை நோயாளிகளோடு பழகிக் கற்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இவ்வகைப் பயிற்சி நடக்கிறது. வடபுலக் கத்தோலிக்கக் குருமாணவர் கொழும்புத்துறையிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருத்துவக் கல்லூரியில் மெய்யியலும் இறையியலும் பயில்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபைகளின் மாணவர் பலர் 1963இல் தொடங்கப்பட்ட பிலிமத்தலாவ இலங்கை இறையியற் கல்லூரிக்குச் செல்கின்றனர். அங்கே சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிக்கப்படுகிறது.