பாக்கு 2023: பிரக்ஞானந்தா - கார்ல்சன் சமநிலை ஆட்டங்கள்

2023 ஆகஸ்டில் அசர்பைசானின் தலைநகர் பாக்குவில் சதுரங்க உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த ர. பிரக்ஞானந்தாவும் நார்வேயின் மாக்னசு கார்ல்சனும் இதில் மோதினர். பிரக்ஞானந்தாவுக்கு அப்போது வயது 18. எலோ தரப்புள்ளி 2690. கார்ல்சன் ஐந்து முறை உலக வாகையர், தரப்புள்ளி 2835. முன்னதாக, தன்னைவிட உயர்ந்த தரமுள்ள இகாரு நகமுராவையும் பேபியானோ கருவானாவையும் வென்றே பிரக்ஞானந்தா இறுதிக்கு வந்திருந்தார்.

ஆகஸ்ட் 22 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் பிரக்ஞானந்தா வெள்ளைக் காய்களுடன் ஆடினார். 35 நகர்த்தல்களில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறுநாள் கார்ல்சன் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். உணவு நச்சானதால் உடல் நலம் குன்றியிருந்த அவர் அமைதியான ஆட்டத்தையே தேர்ந்தார். 30 நகர்த்தல்களில் அதுவும் சமநிலையானது.

சமநிலை என்றால் இருவருக்கும் அரைப் புள்ளி. ஆனால் தரப்புள்ளிக் கணக்கில் அது இருவருக்கும் ஒன்றல்ல. எலோ முறை, இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கப்படும் புள்ளியை முதலில் கணிக்கிறது. வேறுபாடு 145 என்றால், உயர்ந்தவரிடம் 0.69, தாழ்ந்தவரிடம் 0.31 எதிர்பார்க்கப்படும். பிரக்ஞானந்தா பெற்றது 0.50, கூடுதல் 0.19. முன்னணி வீரர்களுக்கான பெருக்கெண் 10 என்பதால், ஓர் ஆட்டத்துக்கு 1.9 தரப்புள்ளி அவருக்குக் கூடும். கார்ல்சனுக்கு அதே அளவு குறையும். இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து இது 3.8 ஆகும்.

ஆகஸ்ட் 24 அன்று விரைவு ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆட்டத்தில் கார்ல்சன் வென்றார்; இரண்டாவது சமநிலையானது. 1.5-0.5 என்ற கணக்கில் கிண்ணம் கார்ல்சனுக்குச் சென்றது. அதுவரை அவர் வெல்லாதிருந்த பட்டம் அது. இரண்டாமிடம் பெற்ற பிரக்ஞானந்தா, 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். அவருடைய அக்கா வைசாலியும் அங்கு மகளிர் பிரிவில் ஆடினார்.

இந்தக் கணக்கு பெரிய வீரர்களுக்கு மட்டும் உரியதல்ல. தரப்பட்டியலில் புதிதாக இடம்பெற்ற ஒருவருக்கு முதல் 30 ஆட்டங்கள் வரை பெருக்கெண் 40. கடலூரிலோ சிதம்பரத்திலோ இருந்து போட்டிக்குச் செல்லும் அத்தகைய மாணவர், தம்மைவிட 145 புள்ளி உயர்ந்தவருடன் சமநிலை கண்டால் 7.6 தரப்புள்ளி பெறுவார். வலியவரிடம் பெற்ற அரைப் புள்ளி, வெற்றி இல்லையென்றாலும் வீணில்லை.