மாஸ்தி

பெங்களூரு கவிபுரத்தில் வாழ்ந்த எழுத்தாளர் வெங்கடேச ஐயங்காரைக் கன்னடர்கள் 'மாஸ்தி' என்றே சொல்வார்கள். அது கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்து ஊர் ஒன்றின் பெயர். கும்மாளத்தைக் குறிக்கும் இந்தி 'மஸ்தி'க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வேர், 'மகாசதி'. உடன்கட்டை ஏறியவளைக் குறித்த சொல் பேச்சில் தேய்ந்து மாசதி, மாஸ்தி ஆயிற்று. அவளுக்கு நட்டது மாஸ்திக்கல். தூணிலிருந்து கிளம்பி முழங்கையில் மடங்கி உயரும் வலக்கை, அதில் முழு வளையல்கள். சாகும்போதும் அவள் சுமங்கலி என்பதற்கு அந்த வளையலே சாட்சி. நம் பக்கத்துச் சதிக்கல்லும் இந்த இனம்தான்.

இவ்வளவு கனமான சொல், வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதிய ஒருவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது வேடிக்கை. அவரே வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஸ்ரீநிவாச'. ஊர்ப்பெயர் அதை விழுங்கிவிட்டது. 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்ற வழக்கும் அதற்குத் துணை. 'ஆஸ்தி' அங்கேயும் சொத்துதான்.

அவரை முழுதாகப் படிக்க நினைப்பவர்கள் 1983-இல் ஞானபீட விருது பெற்றுத் தந்த 'சிக்கவீர ராஜேந்திர' நாவலிலேயே நின்றுவிடுகிறார்கள். குடகின் கடைசி அரசனைப் பற்றிய நல்ல நாவல்தான். ஆனால் என் கட்சி சிறுகதைகள். 1920-இல் வந்த முதல் தொகுப்பிலிருந்து தொடங்கி, பிறகு 'பாவ' என்ற தன்வரலாற்றின் மூன்று பாகங்களுக்குப் போகலாம்.